சிறுநீரக பயாப்ஸி முடிவுகளைப் பதிவேட்டிலிருந்து ஆராய்வது எப்படி?

டர்பனில் பொதுச் சுகாதாரம் படிக்கும் நம் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். புள்ளியியல் மென்பொருளைத் திறக்கும் முன்பே முடிய வேண்டிய வேலைதான் இதில் அதிகம்.

1. கேள்வியைக் குறுக்குங்கள்

"தென்னாப்பிரிக்காவில் எந்தச் சிறுநீரக நோய் அதிகம்?" என்று கேட்டால் பயாப்ஸி (ஊசியால் துளித் திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) பதில் சொல்லாது. பல ஆண்டு நீரிழிவுக்காரருக்குச் சிறுநீரில் புரதம் மெல்ல ஏறிவந்தால், மருத்துவர் பெரும்பாலும் பயாப்ஸி ஊசியை எடுப்பதே இல்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சர்க்கரை நோய் எவ்வளவு சாதாரணம் என்பது நமக்குத் தெரியும். பயாப்ஸி பட்டியலைப் பார்த்தால் அப்படித் தெரியாது. "பயாப்ஸி செய்துகொண்டவர்களில் இன்ன நோய் எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள்.

2. சரியான பதிவேடு

தென்னாப்பிரிக்கச் சிறுநீரகப் பதிவேடு டயாலிசிஸில் இருப்பவர்களையும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களையும் கணக்கெடுப்பது. மருந்திலேயே தேறியவர் அதில் வரமாட்டார். திசு அறிக்கைகள் ஆய்வகங்களில் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளுக்குத் தேசிய சுகாதார ஆய்வகச் சேவை. டென்மார்க்கின் தேசிய நோயாளர் பதிவேடு 1977 முதல் இயங்குகிறது. அங்கே 1968 முதல் ஆளுக்கோர் அடையாள எண் உண்டு. நம்மிடமும் அடையாள எண் உண்டு, ஆனால் அப்படியொரு தேசிய நோயாளர் பதிவேடு இல்லை என்று பெருமூச்சு விட்டுவிட்டு, நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். அனுமதி வரும்வரை ஒரு வரியைக்கூடத் தொடாதீர்கள்.

3. குறியீட்டைப் பிரித்துப் படியுங்கள்

இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். நோய்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10இல் குளோமெருலஸ் (சிறுநீரகத்தின் நுண்வடிகட்டி) நோய்கள் என்00 (N00) முதல் என்08 (N08) வரை. என்04.2 என்பதைப் பாருங்கள். புள்ளிக்கு முன்னால் இருப்பது நோயாளியின் நிலை: நெஃப்ரோடிக் நோய்க்குறித் தொகுதி, அதாவது சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறி உடல் வீங்கும் நிலை. புள்ளிக்குப் பின்னால் இருப்பது நுண்ணோக்கியில் கண்டது: .2 என்றால் மெம்பிரேனஸ் (வடிகட்டிச் சவ்வு தடிக்கும்) வகை, .1 என்றால் குவிய (ஆங்காங்கே மட்டும் பாதிக்கும்) வகை, .9 என்றால் குறிப்பிடப்படவில்லை. ஆகவே மெம்பிரேனஸ் நோயாளிகளை என்04இல் மட்டும் தேடினால் என்03.2, என்05.2 ஆகியவற்றில் இருப்பவர்கள் விட்டுப்போவார்கள். ஐஜிஏ நோய்க்கு (ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் வடிகட்டியில் படிவது) உரிய இடம் என்02.8, ஆனால் அந்தப் பெட்டியில் வேறு நோய்களும் கிடக்கும். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) இருந்தால் எம்32.1 (M32.1) என்ற குறியீட்டையும் பாருங்கள்.

4. ஆளை ஆளோடு பொருத்துங்கள்

பெயரை நம்பாதீர்கள். பிள்ளை என்ற பெயரை ஓர் எழுத்தர் ஆங்கிலத்தில் 'ஒய்' போட்டு முடிப்பார், இன்னொருவர் 'ஐ' போடுவார். கோவெண்டர் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்களோ எண்ணி மாளாது. 13 இலக்க அடையாள எண்ணைப் பிடியுங்கள். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 4 இலக்கம் 5000க்குக் கீழே இருந்தால் பெண், மற்றவை ஆண். கோப்பில் உள்ள வயதும் பாலினமும் இதோடு ஒத்துவராவிட்டால் அந்த வரியைத் தனியே எடுத்து வையுங்கள்.

5. கழிக்க வேண்டியவை

ஒருவருக்கு இரண்டு மூன்று பயாப்ஸி நடந்திருக்கலாம். முதலாவதை மட்டும் எண்ணுங்கள். மாற்றுச் சிறுநீரகத்தில் எடுத்தவற்றை நீக்குங்கள்.

6. குறியீடு சொல்வது மெய்யா?

மெம்பிரேனஸ் என்று குறிக்கப்பட்டவர்களில் 100 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, குறியீட்டை மறைத்து, நோயியல் நிபுணர் ஒருவரிடம் அறிக்கைகளைக் கொடுங்கள். 80 பேருக்கு அதே நோய் என்றால் நேர்மறை முன்கணிப்பு மதிப்பு (குறியீடு உள்ளவர்களில் உண்மையிலேயே அந்நோய் உள்ளவர்களின் பங்கு) 80 விழுக்காடு. மீதி 20 பேருக்கு உண்மையில் என்ன நோய் என்பதையும் எழுதுங்கள். இதை மருத்துவமனை வாரியாகப் பிரித்துச் செய்யுங்கள். ஒரே இடத்துக் குறியீட்டாளரின் பழக்கம் மொத்தக் கணக்கையும் சாய்த்துவிடும்.