ஓட்டியும் சார்ஜ் ஏறாத பேட்டரி

உள்ளேயே தங்கும் வசதியுள்ள பழைய கேம்பர் வேனை வாங்கிய முதல் வாரமே ராத்திரியில் விளக்கு மங்கியது. பகலெல்லாம் ஓட்டியும், உள்விளக்குகளுக்காகப் பின்னால் இருந்த இரண்டாவது பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. புதிது போடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது முன் பேட்டரியில் 14.3 வோல்ட், பின்னால் 12.5தான்; அதாவது அங்கே சார்ஜ் போய்ச் சேரவில்லை. ஃபியூஸ், இரண்டு பேட்டரியையும் இணைக்கும் சுவிட்சான ரிலே எல்லாம் சரி. பேட்டரியின் நெகட்டிவை வேனின் பாடியோடு இணைக்கும் எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், இருக்கைக்கு அடியில் பாடியோடு முடுக்கிய ஒரு போல்ட். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு அதைக் கழற்றினேன். வளையத்துக்கு அடியில் சுரண்டாத பெயிண்ட், ஓரமெல்லாம் செந்தூளாகத் துரு! மின்சாரம் சரியாகப் பாய வழியே இல்லை. வேனை மாற்றியமைத்தவர் இதையாவது கவனித்திருக்கலாம். உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். இன்ஜினைப் போட்டதும் பின் பேட்டரியில் 14.1. பழைய வேன் பார்க்கப் போகிறவர்கள், இன்ஜினை ஓடவிட்டு இரண்டு பேட்டரியையும் அளந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள்.