பேட்ச் மெஷின்ல வீணாப் போற சூட்டைப் பிடிச்சு வைக்கிறது எப்படி: புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு

கொழும்புக்குக் கிட்ட ரத்மலானைப் பக்கம் சின்னதா டையிங் பக்டரி, லோண்ட்ரி நடத்துற ஆக்கள் முதல்ல கேக்கிறது "எந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாங்கலாம்" எண்டுதான். ஊத்தைத்தண்ணியில இருக்கிற சூட்டை, ரெண்டையும் கலக்காமல், பிளேட்டுகளுக்கு ஊடா நல்ல தண்ணிக்கு மாத்திற சாமான்தான் அது. அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைங்க. பேட்ச் வேலையில, அதாவது ஒரு தரத்துக்கு ஒரு தொகுதித் துணியைப் போட்டு எடுக்கிற வேலையில, சூடு இல்லாமல் இல்லை, அது வாற நேரமும் உங்களுக்குத் தேவைப்படுற நேரமும் வேற வேற, அதுதான் முழுத் தலையிடியும்.

அதால முதல் வேலை ஒரு பெரிய பேப்பர். காலமையில இருந்து ஷிப்ட் முடியிற வரைக்கும் கோடு போட்டு, ஒவ்வொரு மெஷினும் எத்தினை மணிக்குச் சுடுதண்ணி எடுக்குது, எத்தினை மணிக்கு எத்தினை லீட்டரை என்ன சூட்டில வெளிய விடுது எண்டு குறிங்க. மெஷினோட வந்த புத்தகத்தைப் பாத்து எழுத வேணாம், தெர்மோமீட்டரோட, மெஷின் ஊத்தைத்தண்ணியை வெளிய விடுற ட்ரெயின் பைப்புக்குப் பக்கத்தில போய் நில்லுங்க, ஏனெண்டா ஒப்பரேட்டர்மார் அவசரத்தில பச்சைத்தண்ணியைத் திறந்து கலந்துதான் இறக்குவாங்க, அப்ப 90 பாகை எண்டு எழுதியிருக்கிறது உங்கட கைக்கு 60 ஆத்தான் வரும்.

அடுத்தது கணக்கு, சுகமானது. 1 லீட்டர் தண்ணியை 1 பாகை சூடாக்க 4.18 கிலோஜூல். 2000 லீட்டரை 28ல இருந்து 68க்குக் கொண்டுபோனா கிட்டத்தட்ட 93 யூனிட் (கிலோவோட் மணி) வெப்பம், 80 வீதத் திறன் உள்ள பொயிலர்ல அதுக்கு 11, 12 லீட்டர் டீசல் எரியும். 2022 ஜூன்ல டீசல் லீட்டர் 460 ரூபாக்குப் போனதை மறந்திருக்க மாட்டீங்க.

இனிப் பைப் வேலை. எல்லா ட்ரெயினையும் ஒண்டாச் சேத்தா ஆறின தண்ணிதான் மிஞ்சும். ட்ரெயின்ல சென்சரும் மூண்டு வழி வால்வும் போட்டு, 50 பாகைக்கு மேல உள்ளதை மட்டும் ஒரு ஊத்தைத்தண்ணித் தாங்கிக்கு எடுங்க, மிச்சம் போகட்டும்.

இந்தத் தாங்கியைச் சிலவெண்டு விட்டுடாதீங்க. மெஷின் 2000 லீட்டரையும் 5 நிமிசத்தில கொட்டும், அந்த வேகத்துக்கு எக்ஸ்சேஞ்சர் வாங்கினா காசு பறந்துடும், ஆனா தாங்கியில நிப்பாட்டி ஒரு மணித்தியாலத்தில மெதுவா பம்ப் பண்ணினா பன்னிரெண்டில ஒரு பங்கு சைஸ் போதும். பம்புக்கு முன்னால பஞ்சு பிடிக்கிற பில்டர் கட்டாயம். ஊத்தைத்தண்ணியும் நல்ல தண்ணியும் எதிரெதிராத்தான் ஓடவேணும்.

சூடான நல்ல தண்ணிக்கு ரெண்டாவது தாங்கி, ஒடுங்கி உயரமா. சூடு மேலால வந்து மேலாலயே போகவேணும், பச்சைத்தண்ணி அடியால, ரெண்டும் மெதுவா, கலக்கினா சரிவராது. சூடு வெளிய போகாமல் சுத்தி ரொக்வூல் பஞ்சு. எவ்வளவு பெரிசு? பேப்பரைப் பாருங்க: வந்து சேந்த தண்ணிக்கும் எடுத்த தண்ணிக்கும் இடையில ஆகக்கூடச் சேர்ற லீட்டர்தான் சைஸ்.

பொயிலர் இருக்கத்தான் வேணும், பொலியெஸ்டருக்கு 130 பாகை இதால வராது.

ஓடத் தொடங்கின பிறகு எக்ஸ்சேஞ்சர்ல உள்ள போற ஊத்தைத்தண்ணிச் சூட்டையும் வெளிய வாற நல்லதண்ணிச் சூட்டையும் தினமும் எழுதுங்க, அதே ஓட்டத்தில ரெண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டு போனா பிளேட்டைக் கழட்டிக் கழுவுற நேரம் வந்துட்டுது.