சென்னையில் வீட்டு விற்பனைப் புள்ளிவிவரங்களைப் படிக்கும் முறை

சென்னையில் வீடு வாங்க நினைப்பவர் கண்ணில் படும் விற்பனைக் கணக்குகள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன: ஒன்று பதிவுத் துறை, மற்றொன்று தனியார் ஆலோசனை நிறுவனங்கள். இரண்டும் ஒத்துப்போவதில்லை என்பதற்காக ஏதோ ஒன்று பொய் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டுநர்களிடம் முன்பதிவான புதிய அடுக்குமாடி வீடுகளை எண்ணுகின்றன. பதிவுத் துறையோ பத்திரங்களை எண்ணுகிறது. இன்று முன்பணம் கொடுக்கப்பட்ட வீடு பல மாதங்கள் கழித்தே சார் பதிவாளர் அலுவலகத்துக்கு வரக்கூடும். பழைய வீடு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறினால் அது தனியார் நிறுவனங்களின் கணக்கில் இடம்பெறுவதே அரிது. ஆகவே எண்ணைப் பார்ப்பதற்கு முன், எது எண்ணப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் இத்தனை ஆயிரம் பத்திரங்கள் பதிவாயின என்று செய்தி வரும்போது அதை வீட்டு விற்பனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண்ணிக்கையில் தானசெட்டில்மென்ட், பாகப்பிரிவினை, அடமானம், பொது அதிகாரம் எல்லாம் அடங்கும். கிரையப் பத்திரம் மட்டுமே விற்பனை; அதிலும் காலி மனையும் விவசாய நிலமும் கலந்திருக்கும்.

அடுத்தது காலம். ஆடியிலும் மார்கழியிலும் பத்திரப்பதிவு குறைவதும், ஆவணியிலும் தையிலும் ஏறுவதும் ஆண்டுதோறும் நடப்பவை. முகூர்த்த நாள்களில் கூட்டம் தாங்காமல் பதிவுத் துறையே கூடுதல் டோக்கன் வழங்குகிறது. எனவே டிசம்பரைவிட ஜனவரி மாத இறுதியில் பதிவு கூடியது என்பதில் சந்தையைப் பற்றிய செய்தி ஏதும் இல்லை. சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே முறை. கட்டண உயர்வு வரப்போகிறது என்று தெரிந்ததும் மக்கள் முந்திக்கொண்டு பதிவதால், அதற்கு முந்தைய வாரங்கள் வீங்கியும் பிந்தைய வாரங்கள் வற்றியும் தெரியும் என்பதையும் நினைவில் கொள்க.

'சென்னை' என்ற சொல்லையும் அப்படியே நம்ப முடியாது. மாநகராட்சியின் பரப்பு சுமார் 426 சதுர கிலோமீட்டர். பெருநகரப் பகுதியோ முன்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து, 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. எந்த எல்லை என்று சொல்லாத அறிக்கையில், கூடுவாஞ்சேரியில் விற்ற சிறிய வீடும் அடையாறில் விற்ற பெரிய வீடும் ஒரே சராசரிக்குள் வந்துவிடும். புறநகரில் விற்பனை பெருகினாலே போதும், எந்தத் தெருவிலும் விலை குறையாமலேயே நகரச் சராசரி இறங்கிவிடும்.

பெரிய சிக்கல் விலையில் இருக்கிறது. பத்திரத்தில் எழுதப்படும் தொகை, பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்க முனைகிறது. அதற்குக் கீழே எழுதினாலும் முத்திரைத் தீர்வை வழிகாட்டி மதிப்பின்படியே கேட்கப்படும். வித்தியாசம் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் வருமான வரியும் குறுக்கிடும். மேலே எழுதவோ பலருக்கு மனம் வருவதில்லை. இந்த மதிப்பு 2017 ஜூனில் 33 விழுக்காடு குறைக்கப்பட்டது, பதிவுக் கட்டணம் ஒன்றிலிருந்து நான்கு விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்பியது, கட்டணம் இரண்டு விழுக்காடாயிற்று. 2024 ஜூலையில் மீண்டும் திருத்தம் நடந்தது. இந்தத் தேதிகளைத் தாண்டி நீளும் விலைக் கோட்டில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கு அரசாணையின் விளைவாக இருக்கலாம்.

அடுக்குமாடி வீட்டில் இன்னொரு கண்ணி உண்டு. சென்னையில் நெடுங்காலமாகப் பிரிபடாத நிலப்பங்குக்கு, அதாவது யூடிஎஸ்ஸுக்கு, மட்டும் கிரையப் பத்திரம் எழுதி, கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போடுவதே வழக்கமாக இருந்தது. அத்தகைய கிரையப் பத்திரத்தில் காணும் தொகை வீட்டின் விலையன்று, நிலப்பங்கின் விலை மட்டுமே. 2023 டிசம்பரிலிருந்து புதிய வீடுகளுக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பு முறை வந்துள்ளது. பழைய முறையில் பதிவான பத்திரத்தையும் புதிய முறையில் பதிவானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விலை பல மடங்காகிவிட்டது என்று தரகர் காட்டினால் ஏமாற வேண்டாம்.

சராசரியைவிட இடைநிலை மதிப்பு நம்பகமானது. ஒரு பகுதியில் 48, 52, 55, 60 இலட்சத்துக்கு நான்கு வீடுகளும், இரண்டரைக் கோடிக்கு ஒன்றும் விற்றதாகக் கொள்வோம். சராசரி 93 இலட்சம். அந்த விலையில் அங்கே ஒரு வீடும் விற்கவில்லை. நடுவில் நிற்கும் 55 இலட்சமே அப்பகுதியின் நிலவரத்தைச் சொல்கிறது. சதுர அடி விலை என்றால், ரெரா என்னும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் சொல்லும் கார்ப்பெட் பரப்புக்கா (வெளிச்சுவர்களுக்குள் பயன்படும் இடம்), பொது இடங்களும் சேர்ந்த சூப்பர் பில்ட்-அப் பரப்புக்கா என்று கேட்டே ஆக வேண்டும்.

தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ், ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடு ஆகிய இரண்டும் காலாண்டுக்கு ஒருமுறை வெளியாகின்றன. இரண்டிலும் சென்னை உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடிப்படை ஆண்டை 100 என வைத்துக் கணக்கிடுவதால், இரண்டின் எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது பயனற்றது; ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு மாறியது என்பதை மட்டும் பார்க்கலாம். நகரம் போகும் திசை தெரியும், உங்கள் தெருவின் விலை தெரியாது. விற்காத இருப்பை மாத விற்பனையால் வகுத்தால், இருப்பு விற்றுத் தீர எத்தனை மாதமாகும் என்று தெரியும்; இந்த மாதக் கணக்கு, பேரம் பேச எவ்வளவு இடமிருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். ஆனால் அதையும் நகர அளவில் பார்க்காமல் பகுதி அளவில் பார்க்க வேண்டும்.

தெருவின் விலையை அறிய, ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றே சிறந்த கருவி என்பது என் கருத்து. பதிவுத் துறையின் இணையதளத்தில் சார் பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் ஆகியவற்றைக் கொடுத்து இதைப் பார்வையிடலாம். நீங்கள் பார்க்கும் வீட்டின் எண்ணோடு, அக்கம்பக்கத்து மனைகளின் எண்களையும் போட்டு, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் கிரையப் பதிவுகளை எடுங்கள். கைமாற்றுத் தொகை (பத்திரத்தில் எழுதிய விலை), சந்தை மதிப்பு (பெயர் அப்படியானாலும் பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பின்படி கணக்கிட்டது) என இரண்டு தொகைகள் இருக்கும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அது வழிகாட்டி மதிப்பு பேசும் விலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கைமாற்றுத் தொகை தெளிவாக மேலே நிற்கும் பதிவுகளுக்கே கூடுதல் எடை தர வேண்டும், குறிப்பாக அடுத்த வரியிலேயே வங்கியின் அடமானப் பதிவு இருந்தால். கடன் வாங்குபவர் விலையைக் குறைத்து எழுதினால் கிடைக்கும் கடனும் குறைந்துவிடும். உறவினருக்குள் நடந்த விற்பனையையும், வீட்டின் ஒரு பாகத்துக்கு மட்டும் எழுதிய கிரையத்தையும் ஒதுக்கிவிடுங்கள். எஞ்சும் நான்கைந்து தொகைகளை மனையின் கிரவுண்டுக்கோ, வீட்டின் சதுர அடிக்கோ வகுத்துக்கொண்ட பிறகு விற்பவரிடம் பேசப் போகலாம்.