பாதாளச் சாக்கடை வடிவமைப்பு: புதியவர்கள் மறுபடி மறுபடி சறுக்கும் இடங்கள்

போன மாதம் ஒரு லாங் செக்‌ஷன் வரைபடம் (குழாயின் ஆழத்தையும் சரிவையும் நீளவாக்கில் காட்டுவது) என் மேசைக்கு வந்தது. வரைந்த தம்பி கல்லூரி முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. கோடுகள் சுத்தம், மேன்ஹோல் எண்கள் சரி. கழிவுநீர் நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடும் என்ற வேகக் கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை 0.60, 0.61, 0.60 என்று ஒரே அச்சாக இருந்தது. இருபது வருடத்துக்கு முன் நான் கொடுத்த தாளும் அப்படியேதான் இருந்தது.

கூட்டல் பிழை, அலகு மாறிப் போவது, அம்புக்குறியைத் திருப்பிப் போடுவது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் சரிபார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும். சரிபார்ப்பையும் தாண்டி மண்ணுக்குள் போய்விடும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

குழாயைப் பெரிதாக்கி வாட்டத்தைக் குறைப்பது

நம் ஊர்களுக்கு அடிப்படை, மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சிபிஎச்இஇஓ 2013இல் வெளியிட்ட கழிவுநீர்க் கையேடு. குழாயில் கசடு படியாமல் இருக்க, அதில் வேகத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. 30 வருடம் கழித்து வரப்போகும் உச்ச ஓட்டத்தில் நொடிக்கு 0.8 மீட்டர் வேண்டும். குழாய் பயன்பாட்டுக்கு வரும் காலத்தில், அப்போதைய உச்ச ஓட்டத்திலேயே 0.6 மீட்டர் வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குழாய் முழுக்க நிரம்பி ஓடினால் என்ன வேகம் வரும் என்று, வாட்டத்தையும் குழாய் அளவையும் வைத்து வேகம் சொல்லும் மேனிங் சூத்திரத்தில் போட்டு, 0.6 வந்ததும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு கிளைக் குழாயில் 530 பேரின் கழிவுநீர் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும், ஆக 108 லிட்டர். சின்ன மக்கள்தொகைக்கு உச்சக் காரணி 3, அதாவது உச்ச நேரத்தில் சராசரியைப் போல மூன்று மடங்கு ஓடும். கணக்குப் போட்டால் நொடிக்கு 2 லிட்டர் வரும். காலை ஏழு மணிக்கு, தெருவே குளிக்கும் நேரத்தில், அந்தக் குழாயில் ஓடுவது அவ்வளவுதான்.

இந்த 2 லிட்டரை 150 மி.மீ. குழாயில் 100க்கு 1 வாட்டத்தில் (100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில்) விட்டால் 0.6 மீட்டர் வேகம் கிடைக்கும். ஆனால் 500 மீட்டர் போவதற்குள் குழாய் 5 மீட்டர் இறங்கிவிடும். தஞ்சை, நாகை பக்கம் தட்டையான ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஐந்தடியில் ஊற்று, அதற்குக் கீழே மணல் சரிவு, பக்கவாட்டில் பலகை அடைக்க வேண்டும், இரவு பகலாக மோட்டார் ஓட வேண்டும். அப்போது ஒரு யோசனை வரும்: 250 மி.மீ. குழாய் போட்டால் 400க்கு 1 வாட்டம் போதுமே, 500 மீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர்தானே இறங்குகிறது, கட்டத்திலும் 0.6 வந்துவிடுகிறதே!

அந்த 0.6 குழாய் நிரம்பி ஓடினால் வரும் வேகம். நிரம்ப நொடிக்கு 30 லிட்டர் வேண்டும். இருப்பது 2 லிட்டர். அது அந்தப் பெரிய குழாயின் அடியில் நாலரை செ.மீ. உயரத்துக்கு, 0.34 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும். அதே 400க்கு 1 வாட்டத்தில் 150 மி.மீ. குழாயையே போட்டிருந்தாலும் 0.36 வந்திருக்கும். அதாவது பெரிய குழாய்க்குக் கொடுத்த பணத்தில் வேகம் துளிகூட ஏறவில்லை, கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. அகலமான வாய்க்காலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் வண்டல் படியும் என்று எந்த விவசாயியும் சொல்வார். நமக்குப் பட்டம் வாங்கிய பிறகு அது மறந்துவிடுகிறது.

நான் இதைச் செய்தது டெல்டாவில் ஒரு நகராட்சியில். ஒப்பந்ததாரருக்கு ஆழம் குறைந்ததில் நிம்மதி, அலுவலகத்துக்கு வேலை சீக்கிரம் முடிந்ததில் நிம்மதி. முதல் வருடத்தில் என்ன வேகம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வருடம் கழித்துக் கூப்பிட்டார்கள். விடியற்காலையில் ஒரு மூடியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே கழிவுநீர் ஓடும் அடிக்காலும் தெரியவில்லை, இரண்டு பக்கத்துச் சரிவுக் கட்டும் தெரியவில்லை. சாம்பல் நிற மணல் மட்டமாகப் படிந்து, அதன்மேல் சமையல் எண்ணெய் மெழுகு போல உறைந்து கிடந்தது. தண்ணீரை அழுத்தத்தில் பாய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டியின் குழாய் உள்ளே போய்த் திரும்பியபோது மணலோடு கோழி இறகும் ஷாம்பு பாக்கெட்டுகளும் வந்தன. மூலை வீட்டம்மா தன் குளியலறையைப் பார்க்கக் கூப்பிட்டார். தரையில் தண்ணீர் வெளியேறும் நஹானி டிராப்பின் மேல் ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு அம்மிக்கல்லை வைத்திருந்தார். "வாரம் ஒரு தடவை வண்டி வருது சார், ரெண்டு நாள்தான் தாங்குது. அப்புறம் இதைத்தான் வெச்சு அழுத்திக்கிறோம்" என்றார்.

வண்டி வராத ஒரு நாளில் ஆளை இறக்கி அள்ளியிருக்கிறார்கள் என்றும் தெருவில் சொன்னார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்தத் தவறைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். மெதுவாக ஓடும் கழிவுநீர் நம் வெயிலில் சீக்கிரம் அழுகும். ஹைட்ரஜன் சல்பைடு அங்கேதான் சேரும். காங்கிரீட் குழாயாக இருந்தால் அதன் கூரையை அரிக்கும், ஆள் இறங்கினால் உயிரை எடுக்கும். ஆபத்தான முறையில் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இறக்கியவரைக் கேள்வி கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அந்த இடத்தில் வாரா வாரம் அடைத்துக்கொள்ளும்படி வரைந்தவர் பெயர் எந்த வழக்கிலும் வருவதில்லை.

கடைசியில் அந்தத் தெருவை மறுபடி வெட்டி, 420 மீட்டரைப் புதிதாகப் பதித்து, நடுவில் கழிவுநீரைப் பம்பால் மேலே ஏற்றும் ஒரு சின்ன லிஃப்டிங் ஸ்டேஷன் கட்டினார்கள். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம். தட்டையான ஊரில் உங்களிடம் இருக்கும் வழிகள் இவைதான்: கிளைகளை நீளமாக இழுக்காமல் சீக்கிரம் பெரிய குழாயில் சேர்ப்பது, ஆழம் கைமீறும் இடத்தில் நீரேற்றுவது, மேற்கொண்டு வீடுகள் வரும்வரை ஒரு பகுதியைத் தள்ளிப்போடுவது. இவ்வளவு செய்தும் குழாய் தொடங்கும் தலைமடையில் முதல் சில மேன்ஹோல்களுக்கு 0.6 வராமல் போகலாம், ஏனென்றால் அங்கே வீடுகளே பத்துப் பதினைந்துதான் இருக்கும். அப்படியானால் அந்த இடங்களைப் பட்டியலிட்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஜெட் அடிக்க வேண்டும் என்று திட்ட அறிக்கையிலேயே எழுதுங்கள். பராமரிப்புப் பிரிவுக்கு அது தெரிய வேண்டும்.

அந்தத் தம்பியிடம் வேகக் கட்டத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். ஒன்று முதல் வருடத்துக்கு, இன்னொன்று முப்பதாம் வருடத்துக்கு. வேகம் போதாத பதினோரு வரிகள் சிவப்பாயின.

அடுத்த நாட்டு அட்டவணையை இரவல் வாங்குவது

மென்பொருளைத் திறந்ததும் அதில் ஏற்கெனவே சில எண்கள் நிரப்பியிருக்கும். அவற்றில் பல அமெரிக்க வழக்கத்தில் இருந்து வந்தவை. அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் 'பத்து மாநிலத் தரநிலை' 8 அங்குலக் குழாய்க்கு 100 அடிக்கு 0.4 அடி வாட்டம் போதும் என்கிறது. ஆனால் அங்கே ஆளுக்கு நாளொன்றுக்கு 100 காலன், ஏறக்குறைய 380 லிட்டர் என்று கணக்கு. நம் 108 லிட்டரை வைத்துக்கொண்டு அதே வாட்டத்தைப் போட்டால் அங்கே ஓடுவதில் கால்வாசித் தண்ணீர்தான் குழாயில் ஓடும். மேன்ஹோல் இடைவெளியும் அப்படித்தான். அங்கே சின்னக் குழாய்க்கு 400 அடிவரை விடலாம். நம் கையேடு 30 மீட்டரோடு நிறுத்தச் சொல்கிறது. நம் தெருக்களில் எவ்வளவு மணல் உள்ளே போகிறது, எந்த வண்டி எந்தச் சந்துக்குள் நுழைய முடியும் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

சாலையைப் பார்த்து லெவல் வைப்பது

சாலையின் நடுவில் ஸ்டாஃபை (அளவுகோலை) வைத்து லெவல், அதாவது உயர மட்டம் எடுத்து, அதிலிருந்து ஒரு மீட்டர் கீழே குழாயை ஆரம்பித்துவிடுகிறார்கள். நம் ஊர்ச் சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்துகொண்டே போகிறது. பழைய வீடுகளில் தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வாசலுக்குப் போக வேண்டும், கழிப்பறை அதற்கும் பின்னால், இன்னும் தாழ்வாக இருக்கும். எனவே தெருவிலேயே தாழ்ந்த வீட்டைக் கண்டுபிடியுங்கள். அந்த வீட்டுக் கழிப்பறையின் லெவலை எடுங்கள். அங்கிருந்து இணைப்புக் குழாய்க்கான வாட்டத்தைக் கழித்துக்கொண்டு வந்தால் முதல் மேன்ஹோலின் ஆழம் தானாகக் கிடைக்கும். ஒரு தெருவுக்கு அரை நாள் வேலை. இதைச் செய்யாத ஊர்களில் இருபது முப்பது வீடுகள் குழாயைவிடத் தாழ்ந்து போனதால், இணைப்புக்கான வைப்புத்தொகை கட்டிய பிறகும் செப்டிக் டேங்கோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மே மாதத்தில் மட்டும் குழி தோண்டிப் பார்ப்பது

நவம்பரில் நிலத்தடி நீர் எங்கே நிற்கும் என்று அந்தத் தெருவில் கிணறு வைத்திருப்பவரைக் கேளுங்கள். குழாய் இணைப்புகள் வழியே உள்ளே ஊறும் நிலத்தடி நீர் கணக்கில் இல்லாமல் போனால் மழைக்காலத்தில் பம்புகள் நிற்காமல் ஓடும்.

மொட்டைமாடித் தண்ணீர்

மாடியில் விழும் மழைநீரைச் சாக்கடையில் விடக் கூடாது. வீட்டு இணைப்பு கொடுக்கும் அன்றே பார்த்துத் துண்டிக்க வேண்டும்.

பம்பையும் 30 வருடத்துக்குப் போடுவது

குழாயை 30 வருடத் தேவைக்கும், பம்பை 15 வருடத் தேவைக்கும் கணக்கிட வேண்டும்.

மேலிருந்து கொட்டும் கிளைக் குழாய்

கிளைக் குழாய் 600 மி.மீ.க்கு மேல் உயரத்திலிருந்து வந்து சேர்ந்தால், கழிவுநீரைச் செங்குத்துக் குழாய் வழியே கீழே இறக்கும் டிராப் மேன்ஹோல் வேண்டும். வரைபடத்தில் காட்டாவிட்டால் தளத்தில் யாரும் கட்ட மாட்டார்கள்.