இசிஹெச்எஸ் கார்டில் வெளி மருத்துவமனை சிகிச்சை: ரெஃபரல் முதல் பில் வரை

முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்குமான இசிஹெச்எஸ் (ECHS) மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் கார்டைக் காட்டினால் எந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலும் காசில்லாமல் பார்ப்பார்கள் என்று நம்பிப் போய், கடைசியில் கைப்பணத்தைக் கட்டிவிட்டு வரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. நாட்டுக்காக உழைத்தவர் வயதான காலத்தில் பில் கவுண்டரில் அலையக் கூடாது. அதற்கு நடைமுறையை வீட்டில் இன்னொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அவசரம் இல்லாத சிகிச்சை எல்லாமே பாலிகிளினிக்கில், அதாவது இத்திட்டத்தின் சொந்த மருத்துவ மையத்தில்தான் தொடங்கும். கார்டு, பழைய சீட்டுகள், டெஸ்ட் ரிப்போர்ட்டுகளுடன் போய் மருத்துவரைப் பாருங்கள். அங்கே வசதி இல்லை என்றால் ரெஃபரல், அதாவது வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டு தருவார்கள். ராணுவ மருத்துவமனை உள்ள ஊரில், அங்கே வசதியும் இடமும் இருந்தால் முதலில் அங்கே அனுப்பலாம். மற்றபடி எம்பேனல் பட்டியலில் (திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள தனியார் மருத்துவமனைகள்) எந்த மருத்துவமனை வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். வெளியூரில் மகன் வீட்டில் இருக்கிறீர்களா? அந்த ஊர் பாலிகிளினிக்கிலும் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மருத்துவமனையும் குறிப்பிட்ட பிரிவுகளுக்குத்தான் எம்பேனல் ஆகியிருக்கும். கண்ணுக்கு மட்டும் அனுமதி உள்ள இடத்தில் சர்க்கரைக்குப் பார்த்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

ரெஃபரல் சீட்டைக் கவுண்டரிலேயே நின்று படியுங்கள். நோயாளியின் பெயர், மருத்துவமனை, பிரிவு, எந்தத் தேதி வரை செல்லும், எதற்காக அனுப்புகிறார்கள் என்ற ஐந்தையும் பாருங்கள். கடைசி விஷயத்தில்தான் பலரும் சிக்குகிறார்கள். சீட்டில் ஆலோசனை என்று மட்டும் இருக்கும்; அங்கே டாக்டர் ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்வார். உடனே சம்மதிக்காதீர்கள். அவர் எழுதியதை வாங்கிக்கொண்டு பாலிகிளினிக் திரும்பி, அதற்குத் தனி ஒப்புதல் வாங்குங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே இது பொருந்தாது. குறிப்பிட்ட வயதைக் கடந்த மூத்தவர்கள் எம்பேனல் மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரை ரெஃபரல் இல்லாமலே பார்க்கலாம்; வயது வரம்பைப் பாலிகிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்மிஷன் என்றால் வார்டு தகுதி பதவியைப் பொறுத்தது. ஹவில்தார் வரை பொது வார்டு, நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை செமி பிரைவேட், அதிகாரிகளுக்குத் தனி அறை. மூட்டு மாற்று போன்றவற்றில் விலை கூடிய இம்பிளான்டை (உடலில் பொருத்தும் செயற்கைப் பாகம்) காட்டிக் கையெழுத்துக் கேட்டால், திட்டம் எவ்வளவு தரும், மீதியை யார் கட்டுவது என்று முதலில் கேளுங்கள்.

மாரடைப்பு, பக்கவாதம், விபத்து போன்ற அவசரத்தில் ரெஃபரலைத் தேடி ஓட வேண்டாம். எம்பேனல் மருத்துவமனை என்றால் கார்டைக் கொடுத்துச் சேர்த்துவிடுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிவது அவர்கள் பொறுப்பு. முன்பணமும் கேட்கக் கூடாது. பதிவாகிவிட்டதா என்று பில்லிங்கில் கேட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் இருப்பது எம்பேனல் இல்லாத மருத்துவமனை என்றாலும் உயிர்தான் முதலில், சேர்த்துவிடுங்கள். ஆனால் இங்கே 48 மணி நேரக் கெடு உங்களுடையது. அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குப் போனில் சொல்லிவிட்டு, எழுத்திலும் அனுப்புங்கள். கார்டு எண், நோயாளி பெயர், உறவு, மருத்துவமனை, சேர்த்த தேதி, நேரம், நோய் ஆகியவை அதில் இருக்கட்டும். அனுப்பியதற்கான ஆதாரத்தைப் பத்திரமாக வையுங்கள். உடல்நிலை தேறியதும் எம்பேனல் மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பில்லை நீங்கள் கட்டி, பிறகு கிளெய்ம் செய்ய வேண்டும். திரும்பக் கிடைப்பது திட்டத்தின் கட்டண அளவில்தான், கட்டிய முழுத் தொகை அல்ல.

கிளெய்முக்கு இனம் பிரித்த அசல் பில், ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, அவசரமாகச் சேர்த்ததற்கு மருத்துவமனை தரும் சான்றிதழ், கார்டு நகல், ரத்து செய்த காசோலை வேண்டும். ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும் கூட. வீட்டுக்குப் புறப்படும் முன் சம்மரியைப் படித்துப் பாருங்கள். ‘பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டார்’ என்று மட்டும் இருந்தால் அவசரம் என்பதை நிரூபிக்க முடியாமல் கிளெய்ம் நின்றுபோகும். வந்தபோது இருந்த நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்த அளவு எல்லாம் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அப்போதே டாக்டரிடம் சொல்லிச் சேர்க்கச் செய்யுங்கள். அசலைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு தாளையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளி டாக்டர் எழுதிய மருந்தை நேராகக் கடையில் வாங்காதீர்கள். பாலிகிளினிக் மருந்தகத்தில் காட்டுங்கள். கம்பெனி வேறாக இருந்தாலும் மருந்து ஒன்றுதானா என்று கேட்டு வாங்கலாம். ஸ்டாக் இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகே வெளியில் வாங்க வேண்டும்.

மகனுக்கு வேலை கிடைத்தாலோ, திருமணமானாலோ, 25 வயது முடிந்தாலோ அவருடைய தகுதி போய்விடும். மகளுக்கு வேலையோ திருமணமோ ஆகும் வரை. இதைத் தெரிவிக்காமல் அந்தக் கார்டில் சிகிச்சை பெற்றால் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். எம்பேனல் மருத்துவமனை சேர்க்க மறுத்தாலோ முன்பணம் கேட்டாலோ, பாலிகிளினிக் ஓஐசியிடம் (பொறுப்பு அதிகாரி) தேதி, நேரத்துடன் எழுதிக் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் அடுத்த படி ரீஜனல் சென்டர், அதாவது திட்டத்தின் மண்டல அலுவலகம்.