ஒரு ‘ஸ்ரீ’யும் ஒரு வழு முறைப்பாடும்

கல்லடியில் அக்காவின் கடைக்குப் பெயர்ப் பட்டியல் செய்தபோது, ‘ஸ்ரீ’ என்று தேடினால் பாதிப் பெயர்கள் வரவில்லை. அதை ‘ஸ’ வைத்தும் எழுதலாம், கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் 2005இல் சேர்ந்த ‘ஶ’ வைத்தும் எழுதலாம்; கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

யாரும் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளில் இப்படி ஒரு வழு, அதாவது பிழை, கண்டால், முதலில் அதன் பழைய முறைப்பாடுகளில் தேடுங்கள். இல்லையா, புதிதாக எழுதுங்கள்: பதிப்பு எண், என்ன தட்டினீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, எழுத்தையே ஒட்டுங்கள். படத்தில் இரண்டு ஸ்ரீயும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நீங்களே திருத்துவதானால், கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) தனிக் கிளை, அதாவது மூலத்தைத் தொடாத தனி வழி, எடுத்து அந்த ஒரு வழுவை மட்டும் தொடுங்கள். அந்த வழுவைப் பிடிக்கும் சோதனை நிரலையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம் புல் ரிக்குவெஸ்ட், அதாவது உங்கள் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை. மென்பொருளைப் பராமரிப்பவர் மாற்றம் கேட்டால் அதே கிளையிலேயே செய்து அனுப்புங்கள்.