எண்ணிக்கை கூடியது, மீன் கூடியதா? சால்மன் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1992-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள ரெட்ஃபிஷ் ஏரிக்கு ஒரே ஒரு சாக்கை சால்மன்தான் திரும்பி வந்தது. பசிபிக் கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர், வழியில் எட்டு அணைகள். அத்தனையையும் தாண்டி வந்த ஓர் ஆண் மீன். அதற்கு முந்தைய ஆண்டுதான், அந்த ஏரியை உள்ளடக்கிய ஸ்நேக் ஆற்றுப் படுகையின் சாக்கை, அழியும் நிலையில் உள்ளதாக அரசின் பட்டியலில் ஏறியிருந்தது. அந்த நிலையில் கணக்கெடுப்பதில் யாருக்கும் குழப்பம் வராது. ஒன்று என்றால் ஒன்றுதான். சிக்கல் அப்புறம்தான் தொடங்குகிறது. நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று எண்ணிக்கை ஏறும்போது எது மீட்சி, எது தற்செயல், எது கணக்குப் பிழை என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கே வருகிறது. இந்த நெடும்பாதையில் எந்தக் கட்டத்திலும் கூட்டம் கூட்டமாகச் சாகலாம். ஆகவே, மீன்களை வழியில் எங்கே இழக்கிறோம் என்பதைக் கண்காணிப்பு காட்டித்தர வேண்டும். அதைக் காட்டாத எண்ணை வைத்துக்கொண்டு எந்த அணையைக் கவனிப்பது, எந்த ஓடையைச் சீரமைப்பது என்று முடிவெடுக்க முடியாது. அமெரிக்க தேசிய கடல் மீன்வளத் துறையின் அறிவியலாளர்கள் 2000-இல் வகுத்த அளவுகோலிலும் எண்ணிக்கை நான்கில் ஒன்றுதான். பெருகும் திறன், ஆற்றுப் படுகையில் பரவியிருக்கும் விதம், இனத்துக்குள் உள்ள பன்முகத்தன்மை ஆகியவை மற்ற மூன்று.

நடைமுறையில் அதிகம் ஏமாற்றுவது பொரிப்பகத்தில், அதாவது மனிதர் முட்டை பொரித்துக் குஞ்சு வளர்க்கும் நிலையத்தில், பிறந்த மீனையும் ஆற்றில் பிறந்த மீனையும் சேர்த்து எண்ணுவது. ஓர் உதாரணக் கணக்கு போடலாம். முட்டையிடும் இடத்துக்கு 1,000 மீன்கள் வருகின்றன. அவற்றில் 600 பொரிப்பகத்தில் பிறந்தவை, 400 ஆற்றில் பிறந்தவை. அடுத்த தலைமுறையிலும் அதே 1,000, அதே 600-400. பார்த்தால் கூட்டம் நிலையாக இருக்கிறது. ஆனால் 1,000 பெற்றோர் சேர்ந்து ஆற்றில் உருவாக்கியது 400 மட்டுமே. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிக்கு மேல் கரைகிறது, அந்தப் பள்ளத்தைப் பொரிப்பகம் நிரப்பிக்கொண்டிருக்கிறது. பெருகும் திறனைக் கணக்கிடும்போது பெற்றோர் பக்கம் எல்லா மீன்களையும் வைக்க வேண்டும். வாரிசு பக்கம் ஆற்றில் பிறந்தவற்றை மட்டுமே வைக்க வேண்டும். இந்த ஓர் இடம் தவறினால் மேலே சொன்ன ஆற்றின் நிலை அறிக்கையில் நலமாகவே தெரியும்.

பிரித்தறிய எளிய வழி, முதுகின் பின்பகுதியில் வாலுக்கு முன்னால் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பு. பொரிப்பகங்கள் அதை வெட்டிவிட்டுத்தான் பெரும்பாலான குஞ்சுகளை விடுகின்றன. பெரும்பாலான என்பதைக் கவனிக்க வேண்டும். சில கூட்டங்கள் வேண்டுமென்றே துடுப்போடு விடப்படுகின்றன, துடுப்பைப் பார்த்து ஆற்றில் பிறந்த மீன் என்று எண்ணி, மீனவர் பிடித்தாலும் திரும்ப விட்டுவிடுவார் என்பதற்காக. ஆகவே துடுப்பு இருப்பதெல்லாம் ஆற்றில் பிறந்தது என்று எழுதிவிடக் கூடாது. மூக்குக் குருத்தெலும்பில் செலுத்திய நுண்கம்பிக் குறி உண்டா என்று பார்க்க வேண்டும், அல்லது மரபணுவைப் பார்க்க வேண்டும். ஸ்நேக் ஆற்றுப் படுகையில் பொரிப்பகத் தாய் தந்தை மீன்களின் மரபணுவையே சேமித்து வைத்து, திரும்பி வரும் மீன் யாருடைய பிள்ளை என்று கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்தது, மீன் இருக்கும் இடத்துக்கு மட்டும் போய் எண்ணுவது. இதில் சோம்பல் எதுவும் இல்லை, பழக்கம்தான். பல வருடமாக நல்ல மீன் கிடைத்த பகுதிகளையே திரும்பத் திரும்ப நடந்து எண்ணுவார்கள். ஒரிகன் கடற்கரை ஆறுகளின் கோஹோ சால்மனுக்கு அப்படித்தான் நடந்தது. 1990 முதல் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தபோது, பழைய இடங்களை வைத்துப் போட்ட மதிப்பீடு உண்மையைவிட மிக உயரத்தில் இருந்தது தெரியவந்தது. இதில் இன்னும் மோசமான ஒன்று ஒளிந்திருக்கிறது. ஓர் இனம் சுருங்கும்போது ஓரப் பகுதிகள்தான் முதலில் காலியாகும், மிஞ்சியவை சிறந்த இடங்களில் கூடும். அந்தச் சிறந்த இடத்தை மட்டும் எண்ணுபவருக்கு ஆறு காலியாவது கடைசிவரை தெரியாது. அதனால்தான் மீனே இல்லாத ஓடைக்கும் நடந்து போய்ப் பூஜ்யம் என்று எழுத வேண்டியிருக்கிறது. தண்ணீர் கலங்கி எதுவும் தெரியாத நாளில் மட்டும் பூஜ்யம் எழுதக் கூடாது. "பார்க்க முடியவில்லை" என்று தனியாகக் குறிக்க வேண்டும்.

எண்ணும் முறையைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். பெண் சால்மன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் அடித்துச் சரளையைக் கிளறிக் குழி பறிக்கிறது. பாசி படிந்த பழுப்புக் கற்களுக்கு நடுவே, புதிதாகப் புரட்டிய கற்கள் வெளிர் நிறத்தில் பளிச்சென்று தெரியும். மேல்நீர்ப் பக்கம் பள்ளம், கீழ்நீர்ப் பக்கம் மேடு. முட்டை அந்த மேட்டுக்குள் இருக்கிறது. கண்கூச்சம் தடுக்கும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு கரையோரம் நடந்தால் இது தெளிவாகத் தெரியும். ஆனால் சில வாரங்களில் பாசி திரும்பப் படர்ந்து பளிச்சு மங்கிவிடும். பருவத்தில் ஒரே ஒருமுறை போய் எண்ணினால் முன்னால் பறித்த குழி மங்கியிருக்கும், பின்னால் வரும் மீன் இன்னும் பறித்திருக்காது. ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை நடப்பதே சரி. எண்ணிய குழிக்கு நேராகக் கரையில் ஒரு கிளையில் தேதி எழுதிய நாடாவைக் கட்டிவைத்தால் அதையே இரண்டாம் முறை எண்ண மாட்டோம். பாதி கிளறிக் கைவிட்ட சோதனைக் குழியும் உண்டு, ஒரு குழியின் மேலேயே இன்னொரு மீன் பறித்த குழியும் உண்டு. இரண்டு பேர் ஒரே பகுதியைத் தனித்தனியாக நடந்தால் இரண்டு எண் வரும். அந்த வித்தியாசத்தை மறைக்காமல் அறிக்கையில் போடுங்கள். பிழை எவ்வளவு என்று தெரியாத எண்ணில் சரிவையோ ஏற்றத்தையோ படிக்க முடியாது.

சரி, அணையில் எண்ணுவது எளிதாயிற்றே என்று தோன்றலாம். ஸ்நேக் போய்ச் சேரும் கொலம்பியா ஆற்றின் பானவில் அணையில், மீன் அணையைத் தாண்ட அமைத்த படிப்படியான நீர்வழியான மீன் ஏணியில் ஏறும் மீன்களை 1938 முதல் எண்ணி வருகிறார்கள், அருமையான தொடர் பதிவு. ஆனால் அது வாசல் கணக்கு மட்டுமே. 2015-இல் சுமார் 5 லட்சம் சாக்கை அங்கே பதிவாயின. மலையில் பனி குறைந்து ஆறு சூடேறிய கோடை அது. ஏறிய மீன்களில் பாதியளவு முட்டையிடும் இடத்தை எட்டாமலே செத்தன. ஸ்நேக் ஆற்றுச் சாக்கை கிட்டத்தட்ட முழுவதும் வழியிலேயே போயிற்று. அது தெரியவந்தது, மீன் உடலில் செலுத்தும் 12 மில்லிமீட்டர் நீளப் பிட் டேக் என்ற கண்ணாடிக் குறியால். பேட்டரி கிடையாது. உணர்கருவி உள்ள அணையைத் தாண்டும்போதெல்லாம் மீனின் எண் பதிவாகும். எந்த இரண்டு அணைகளுக்கு நடுவே எண்கள் காணாமல் போயின என்று பார்த்துத்தான், ஸ்நேக் ஆற்றின் லோயர் கிரானைட் அணையில் மிஞ்சியவற்றைப் பிடித்து லாரியில் ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

வந்து சேர்ந்தாலும் முட்டையிட்டதாகக் கொள்ள முடியாது. சியாட்டில் சுற்றுவட்டார ஓடைகளில், செலவழித்துச் சீரமைத்த ஓடைகள் உட்பட, இலையுதிர்கால மழைக்குப் பின் கோஹோ மீன்கள் வாயைப் பிளந்து, வட்டமடித்து, சில மணி நேரத்தில் செத்து மிதந்தன. வருகைக் கணக்கில் அவை வெற்றி. செத்த பெண் மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்தவர்களுக்குத்தான் முட்டை அத்தனையும் உள்ளேயே இருந்தது தெரிந்தது. டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் 6பிபிடி-குயினோன்தான் காரணம் என்று 2020 டிசம்பரில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சடலத்தைத் திறந்து பார்ப்பது அருவருப்பான வேலைதான், ஆனால் அதை விட்டிருந்தால் அந்த ஓடைகளில் சரளை கொட்டுவதும் மரத்துண்டு போடுவதுமே தொடர்ந்திருக்கும்.

கடலின் பங்கை ஆற்றின் கணக்கில் எழுதுவது இன்னொரு தவறு. கனடாவின் ஃப்ரேசர் ஆற்றுக்கு 2009-இல் ஒரு கோடிக்கும் மேல் சாக்கை வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது 15 லட்சம் அளவுதான். விசாரணை ஆணையம் அமைக்கும் அளவுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே கிட்டத்தட்ட 3 கோடி வந்தது. ஒரே வருடத்தில் ஆறு அப்படி மாறிவிடாது. ஆகவே கடலுக்கு இறங்கும் இளமீன்களைத் தனியாக எண்ண வேண்டும். ஓடும் நீரில் சுழலும் பீப்பாய்ப் பொறியில் பிடிபட்டவற்றில் சிலவற்றுக்குக் குறியிட்டு மேலே கொண்டுபோய் விட்டு, எத்தனை மறுபடி சிக்குகின்றன என்று பார்த்தால் பொறியின் பிடிப்பு விகிதம் கிடைக்கும். வெள்ளத்தில் இந்த விகிதம் மாறும், ஒருமுறை கண்டதை வருடம் முழுக்க ஓட்டக் கூடாது. இறங்கியவற்றில் எத்தனை சதவீதம் திரும்பின என்பது இரண்டாவது எண். கொலம்பியா படுகையில் இதற்கு வைத்த இலக்கு 2 முதல் 6 சதவீதம். இரண்டு எண்ணும் கையில் இருந்தால்தான் குறை ஆற்றிலா, அதற்குக் கீழேயா என்று சொல்ல முடியும்.

வயதும் முக்கியம். சினூக் என்ற சால்மன் வகை பெரும்பாலும் 3, 4, 5 வயதில் கலந்து திரும்பும். செதில் வளையத்தைப் படித்துப் பிறந்த ஆண்டுவாரியாகப் பிரிக்காமல், ஓராண்டுத் துள்ளலை வைத்து விழா எடுக்க வேண்டாம்.

கண்காணிப்பே மீனைக் கொன்றுவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்பாய்ச்சிப் பிடிக்கும் முறையில் முதுகெலும்பு முறியக்கூடும். தண்ணீர் 18 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதைச் செய்யாதீர்கள் என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். முட்டைக்குழி இருக்கும் இடத்திலும் அது கூடாது. தொடாமல் எண்ண, ஒலியலையால் மீனின் உருவத்தைக் காட்டும் சோனார் இருக்கிறது, வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் அணைகளை உடைத்த பின் கலங்கிய நீரில் அதுதான் கைகொடுத்தது. ஆனால் சோனார் நிழலில் இனம் தெரியாது, கொஞ்சமாவது வலை போட்டு இனவாரி விகிதம் பார்க்கத்தான் வேண்டும். புதுக் கருவிக்கு மாறும்போது சில ஆண்டுகள் பழைய முறையையும் கூடவே ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடர் பதிவு அங்கேயே அறுந்துபோகும்.

கடைசியாக, எந்த எண் எவ்வளவு இறங்கினால் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே எழுதாமல் எண்ணத் தொடங்குவது. மோசமான வருடம் வந்தபின் பேச ஆரம்பித்தால், "இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்" என்பதில்தான் முடியும். ஒரிகன் கோஹோவுக்கு ஓர் அட்டவணையே இருக்கிறது. பெற்றோர் தலைமுறை எவ்வளவு முட்டையிட வந்தது என்பது ஒரு பக்கம், கடலில் பிழைப்பு எப்படி என்பது மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அந்த ஆண்டு மீன்பிடிப்பால் எத்தனை சதவீதம் வரை சாகலாம் என்ற உச்சவரம்பு எழுதியிருக்கும். கடல் பிழைப்பை ஊகிக்க, ஒரு வருடம் முன்னதாகவே திரும்பிவிடும் ஜாக் என்ற சிறிய ஆண் மீன்களின் எண்ணிக்கையைப் பயன்படுத்துகிறார்கள். இந்த ஆண்டு ஜாக் குறைந்தால், அடுத்த ஆண்டுக்கான வரம்பு படகுகள் கிளம்பும் முன்பே இறங்கிவிடும்.